முனியாண்டிக்கு நேர்ந்த கதாநாயகன்

பத்து பெரண்டாம்,
12 ஜனவரி 2024

அன்புத் தம்பி பிச்சைமுத்துவுக்கு,

அக்கா ராமாத்தாள் எழுதுகிறேன். இங்கே நானும் குகனும் சுகம். நீயும் மலர்விழியும் எப்படி இருக்கிறீர்கள் என்று உன் பெண்டாட்டியிடம் நேற்றே போனில் கேட்டுவிட்டேன். கடிதம் என்றால் கேட்க வேண்டுமே என்று இன்னொரு தரம் கேட்கிறேன்.

இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று முறைக்காதே. என் மகள் திவ்யதர்ஷினி கல்யாணத்தில் தாய்மாமனான உன்னை மூன்றாம் பந்தியில் உட்காரவைத்துவிட்டோம், கறி தீர்ந்துபோய் உன் இலையில் உருளைக்கிழங்கு மட்டும் விழுந்தது. அதற்காக நியாலாஸ் முனியாண்டி முன்னால் கற்பூரத்தை அணைத்து, "இனிமே அவகூட ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்று சத்தியம் செய்தாய். அதில் பேச்சைத்தான் விட்டாய். எழுத்தை விடவில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த குகன் சொந்தமாகப் படம் எடுக்கப் போகிறான். பெயர் 'ரத்தக் கொம்பு'. செம்பனைத் தோட்டத்து ஆடுகள் மனிதர்களைக் கொல்லுமாம். உன்னிடம் ஒரு கறுப்புக் கிடா நிற்பதாக மலர் சொன்னாள். அதையும் உன் வீட்டு வாசலையும் மூன்று வாரத்துக்குக் கொடுப்பாயா? செய்த வேலையையும் விட்டுவிட்டு இதில் இறங்கியிருக்கிறான். இது போனால் பையன் உடைந்துபோவான்.

என்மேல் உள்ள கோபத்தை அவன்மேல் காட்டாதே. பதில் போடு. பேச வேண்டாம்.

உருளைக்கிழங்கு போட்ட பாவி,
அக்கா ராமாத்தாள்

நியாலாஸ்,
21 ஜனவரி 2024

குகனின் தாயார் ராமாத்தாள் அவர்களுக்கு,

பிச்சைமுத்து எழுதுவது. வீட்டில் எல்லாரும் சுகம். தங்கள் சுகத்தை நான் கேட்கவில்லை. தாங்களாக எழுதினால் படிப்பேன்.

தங்கள் கடிதத்தைக் கோயில் பூசாரி மாயாண்டியிடம் காட்டி, இது சத்தியத்தை மீறியதாகுமா என்று விசாரித்தேன். அவர் சுருட்டைப் பற்றவைத்து யோசித்தார். "போன்ல பேசுனா பேச்சு. வாட்சப்புல கொரல் அனுப்புனா அதுவும் பேச்சு. வாட்சப்புல எழுதுனா... அதுவும் போன்தானேலா, எதுக்கு வம்பு? காயிதம் பேச்சு இல்ல. தாராளமா எழுது" என்று தீர்ப்புச் சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

கிடாவின் பெயர் கறுப்பன். அது முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட கிடா. போன வருஷம் குட்டியாக வாங்கினேன். வருகிற ஆடித் திருவிழாவில் வெட்டு. நேர்ந்த கிடாவுக்கு உடம்பில் கீறல் இருக்கக்கூடாது, கொம்பு உடையக்கூடாது. குகன் பத்திரமாகத் திருப்பித் தருவதானால் எடுத்துக்கொள்ளட்டும். அவன் தாய்மாமன் வீட்டுக்கு வர யாருடைய சிபாரிசும் தேவையில்லை.

யாருக்காக நேர்ந்தேன் என்று மலரைக் குடைய வேண்டாம். ஒரு உயிர் பிழைக்க வேண்டும் என்று நேர்ந்தேன். பிழைத்தது. அவ்வளவுதான்.

பின்குறிப்பு: டாக்டர் தங்களை மார்ச் மாதம் மறுபடி ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருப்பதாகக் கேள்வி. போகவும்.

இப்படிக்கு,
பிச்சைமுத்து

நியாலாஸ்,
18 பிப்ரவரி 2024

குகனின் தாயார் அவர்களுக்கு,

மலருக்கு இருமல், எனக்கு எரிச்சல், மற்றபடி சுகம்.

தங்கள் மகன் என் வாசலில் செய்யும் அட்டகாசத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. கதைப்படி முப்பது ஆடு. கையில் இருப்பது ஒரே ஆடு. கறுப்பனையே இந்தப் பக்கம் ஓடவிட்டு ஒரு தரம், அந்தப் பக்கம் ஓடவிட்டு ஒரு தரம் எடுத்துவிட்டு, "கம்ப்யூட்டர்ல முப்பதாக்கிடலாம் மாமா" என்கிறான். ராத்திரிக் காட்சியெல்லாம் பட்டப்பகலில் நடக்கிறது. லைட் வாடகைக்கு எடுக்க வழியில்லையாம். கேமராவில் ஒரு நீலத்தாளை ஒட்டிவிட்டு, "இப்ப அமாவாசை, எல்லாரும் பயப்படுங்க" என்கிறான். பின்னால் மலர் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள்.

கதையும் விசித்திரம். தோட்டத்தை வாங்க வந்த முதலாளி விஷமருந்தை ஆற்றில் கொட்டுகிறான். அதைக் குடித்த ஆடுகளுக்கு வெறி பிடித்துவிடுகிறது. சாகிற ஒவ்வொருவனும் கடைசியாக "ஆடுதானேலா!" என்று சொல்லிவிட்டுச் சாகிறான். பதினோரு பேர் சாகிறார்கள், பதினோரு பேரும் அதையேதான் சொல்கிறார்கள். ஒருத்தனுக்காவது புத்தி வர வேண்டாமா?

ரத்தத்துக்கு ரோஸ் சிராப். வாளியில் கரைத்துக் கறுப்பன் தலையில் ஊற்றுகிறான். முதல் நாள் அது சிலுப்பிய சிலுப்பலில் கேமரா, கதாநாயகன், என் வெள்ளைச் சட்டை எல்லாம் சிவப்பு. மறுநாள் ஒரு வித்தை கண்டுபிடித்தான். ஊற்றும்போது சிலுப்பாமல் நின்றால் ஒரு கிரீம் கிராக்கர் பிஸ்கட். இப்போது முழு வாளியையும் கவிழ்த்தாலும் அசையாமல் நிற்கிறது, வாயை மட்டும் திறக்கிறது. இவ்வளவு கெட்டிக்கார ஆட்டை நான் பார்த்ததில்லை என்பதையும் எழுதியாக வேண்டும்.

நேற்று கதாநாயகன் தர்ஷன் என் லோரியின் கூரைமேல் ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்று கத்தினான். பிஸ்கட் அவன் பாக்கெட்டில் இருந்திருக்கிறது. படத்தில் நிஜமாகப் பயந்த காட்சி அது ஒன்றுதான். எறும்பு மொய்க்காமல் இருக்க தினமும் சாயங்காலம் கிடாவை நான்தான் குளிப்பாட்டுகிறேன்.

மார்ச் நெருங்குகிறது. ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து வைக்கவும்.

இப்படிக்கு,
பிச்சைமுத்து

பத்து பெரண்டாம்,
3 மார்ச் 2024

அன்புத் தம்பிக்கு,

நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். என் உடம்பைப் பற்றி இனிமேல் கேட்காதே.

குகன் வந்து சேர்ந்தான். துணியை மூன்று தரம் மெஷினில் போட்டும் தண்ணீர் சிவப்பாகவே வருகிறது. பக்கத்து வீட்டு மோகனா சாக்கடையைப் பார்த்துவிட்டு, "அக்கா, வீட்ல எல்லாம் ஓக்கேயா?" என்று இரண்டு தரம் கேட்டாள். "மாமா ரொம்ப நல்லவரும்மா, பக்கத்துல உக்காந்து ஊட்டாத கொறைதான்" என்கிறான் இவன். யாருக்கு, உனக்கா ஆட்டுக்கா என்று கேட்டேன். ஆட்டுக்குத்தானாம்.

யாருக்காகத் தம்பி நேர்ந்தாய் அந்தக் கிடாவை? மலர் திடமாகத்தான் இருக்கிறாள். உன் லோரிக்கு உயிர் கிடையாது. மூலத்துக்கு வைத்தியம் பார்த்தாயே, அதற்கா? வெட்கப்படாமல் சொல்.

எனக்கு ஆத்திரமாக வருகிறது. எழுதத்தான் போகிறேன். போன வருஷம் மார்பில் கட்டி என்று அறுத்துப் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஊரே வந்தது. திவ்யாவின் மாமியார்கூட ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, என் கட்டிலில் உட்கார்ந்து அவளே உரித்துத் தின்றுவிட்டுப் போனாள். நீ வரவில்லை. பேசத்தானே மாட்டாய்? வார்டு வாசலில் நின்று முகத்தைக் காட்டியிருக்கலாம் அல்லவா? யாரோ ஒருத்தர் உயிருக்குக் கிடா நேர்ந்து வளர்க்க முடிகிறது, கூடப்பிறந்தவளை எட்டிப்பார்க்க முடியவில்லை. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

கறுப்பனைக் கேட்டதாகச் சொல்.

அக்கா ராமாத்தாள்

பத்து பெரண்டாம்,
9 ஜூன் 2024

தம்பிக்கு,

மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீ நன்றாக இருப்பதாக மலர் சொன்னாள். நானும் நன்றாக இருப்பதாக வைத்துக்கொள்.

போன ஞாயிறு மத்தியானம் தெங்கேராவில் ஒரு கடை மாடி மண்டபத்தில் படத்தைப் போட்டார்கள். முதல் ஆள் செத்ததுமே ஜனங்கள் சிரித்தார்கள். மூன்றாவது ஆள் செத்தபோது ஒருத்தன் சிரித்துச் சிரித்து நாற்காலியோடு விழுந்தான். அமாவாசை நடுச்சாமத்தில் மலர் பாவாடை உலர்த்துவது பளிச்சென்று தெரிகிறது. குகன் எழுந்துபோய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். "ம்மா, நான் பயமுறுத்தத்தாம்மா எடுத்தேன்" என்றான். முப்பது வயது ஆண்பிள்ளை அப்படி அழுததைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான்.

நேற்று சனிக்கிழமை இன்னொரு காட்சி போட்டார்கள். அதைத்தான் உனக்கு எழுத வந்தேன். சிரித்தவர்கள் எல்லாரும் திரும்பி வந்திருந்தார்கள், ஆளுக்கு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு! தலையில் அட்டைக் கொம்பு, கையில் சிராப் பாட்டில். ஒவ்வொரு சாவுக்கும் மண்டபமே சேர்ந்து "ஆடுதானேலா!" என்று கத்துகிறது. கறுப்பன் வரும்போதெல்லாம் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். உன் பெண்டாட்டி துணி காயப்போடும்போது விசில் பறக்கிறது. கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் போடக் கேட்கிறார்கள். குகன் ஒன்றும் புரியாமல் முழிக்கிறான், ஆனால் சாப்பிடுகிறான்.

ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொன்னால் நீ மறுபடி கற்பூரம் அணைப்பாய். பெயர் போடும் இடத்தில் முதலில் கறுப்பன் பெயர். அடுத்தது உன் பெயர். 'கறுப்பனின் தகப்பனார்: பிச்சைமுத்து' என்று போட்டிருக்கிறான்.

பொறுத்துக்கொள்.

அக்கா

நியாலாஸ்,
17 ஜூன் 2024

குகனின் தாயார் அவர்களுக்கு,

தகப்பனார் எழுதுவது. சுகத்துக்கு இனி என்ன குறை?

தோட்டத்தில் என்னை ஆட்டப்பன் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். செம்பனைக் குலை ஏற்றப்போனால் எடை போடுகிறவன் லோரிக்குள் எட்டிப்பார்த்து, "மவன் வரலியா?" என்று கேட்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மோட்டார் சைக்கிளில் கும்பல் கும்பலாக வருகிறார்கள். தமிழ்ப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், எல்லாரும் கொம்பு வைத்துக்கொண்டு கறுப்பனோடு படம் பிடிக்கிறார்கள். மலரிடம் துணி காயப்போடச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். அவளும் பவுடர் போட்டுக்கொண்டு, காய்ந்த துணியை மறுபடி நனைத்துக் காயப்போடுகிறாள். வருகிறவர்கள் முன்னால் அழுக்கோடு நிற்கக்கூடாதே என்று காலையிலேயே நான் கிடாவைக் குளிப்பாட்டிவிடுகிறேன். வேறு காரணம் ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் நாலாம் தேதி திருவிழா. அன்றோடு இந்தக் கூத்து முடியும்.

ஆஸ்பத்திரிக்கு வராததைப் பற்றித் தாங்கள் மார்ச் மாதம் எழுதியதைப் படித்தேன். பல தரம் படித்தேன். அதனால்தான் பதில் போட முடியவில்லை. காரணம் உண்டு, எழுத வராது.

ஸ்கேனுக்குப் போனீர்களா என்ற கேள்விக்குத் தங்களிடமிருந்தும் பதில் இல்லை.

பிச்சைமுத்து

பத்து பெரண்டாம்,
6 ஜூலை 2024

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் இருக்கிறோம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கறுப்பனை வெட்டப்போவது குகனுக்கு இப்போதுதான் உறைத்திருக்கிறது. நீ ஆரம்பத்திலேயே சொன்னாய், நானும் சொன்னேன், படம் எடுக்கும் மும்முரத்தில் காதில் வாங்கவில்லை. இப்போது சோறு இறங்கவில்லை அவனுக்கு. "அவன் இல்லாம ரெண்டாம் பாகம் இல்லம்மா, அதவிட... அவன் என்னைப் பாத்தா வாயத் தொறப்பாம்மா" என்கிறான். ரசிகர்கள் வேறு 'கறுப்பனைக் காப்பாற்று' என்று போனில் கையெழுத்து வாங்குகிறார்கள். ஆறாயிரம் பேர் போட்டுவிட்டார்கள். தெரியாமல் நானும் இரண்டு தரம் போட்டுவிட்டேன்.

முனியாண்டிக்கு வேறு கிடா நாங்கள் வாங்கித் தருகிறோம், இதைவிடக் கறுப்பாக, இதைவிடப் பெரிதாக. உனக்கு மனசு வரவில்லை என்றால், யார் உயிருக்காக நேர்ந்தாயோ அந்த ஆளின் விலாசத்தைக் கொடு. நானே நேரில் போகிறேன். அது ஆணோ பெண்ணோ, காலில் விழுந்தாவது சம்மதம் வாங்கிவருகிறேன். ஒரு வாயில்லா ஜீவனுக்காக மனசு இளகாத அப்பேர்ப்பட்ட கல்நெஞ்சு யாருக்கு இருக்கும்?

உடனே எழுது.

அக்கா

நியாலாஸ்,
14 ஜூலை 2024

குகனின் தாயார் அவர்களுக்கு,

சுகம்.

விலாசம் தர முடியாது. மாற்றுக் கிடாவும் கிடையாது. உயிர் விஷயத்தில் முனியாண்டியிடம் பேரம் பேச எனக்குத் தைரியம் இல்லை.

எனக்கு மட்டும் சந்தோஷம் என்று நினைக்கிறீர்களா? நேற்று அது என் சோற்றுத் தட்டில் வாய் வைத்தது. நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன். மலர் என்னோடு முகம் கொடுத்துப் பேசி நாலு நாளாகிறது.

திருவிழாவன்று குகனை அனுப்ப வேண்டாம். அவனால் பார்க்க முடியாது.

பிச்சைமுத்து

நியாலாஸ்,
12 ஆகஸ்ட் 2024

அக்கா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? முதலில் அதைச் சொல். நான் எழுதப்போவதை எல்லாம் அப்புறம் படி.

நாலாம் தேதி கறுப்பனுக்கு மாலை போட்டுச் சாமி முன்னால் நிறுத்தினேன். மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் கிடா உடம்பைச் சிலுப்ப வேண்டும், சிலுப்பினால்தான் சாமி உத்தரவு, அதற்குப் பிறகுதான் வெட்டு என்பது உனக்குத் தெரியும். மாயாண்டி ஒரு சொம்பு தெளித்தார். அசையவில்லை. ஒரு குடம் ஊற்றினார். அசையவில்லை, வாயைத் திறந்தது. உடுக்கை அடித்தார்கள், காதில் ஊதினார்கள், ஐஸ் தண்ணீர் கொண்டுவந்து கொட்டினார்கள். வாயை இன்னும் பெரிதாகத் திறந்தது. மற்றவர்களுடைய கிடாவெல்லாம் ஒரு சொட்டுக்கே சிலுப்பிவிட்டுப் போய்ச் சேர்ந்தன. கொம்பு வைத்த கும்பல் ஐம்பது பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருத்தன் "ஆடுதானேலா!" என்று கத்த, அருள் வந்து ஆடிக்கொண்டிருந்த மாயாண்டி அருளோடேயே சாட்டையைத் தூக்கிக்கொண்டு ரோடுவரைக்கும் அவனைத் துரத்தினார்.

நேற்று ஞாயிறு மறுபடி நிறுத்தினோம். அதே கதை. மாயாண்டி சொல்லிவிட்டார்: "சாமி வாங்கமாட்டேங்குது பிச்ச. யாரு உசுருக்கு நேந்தியோ, அந்த ஆளு நேர்ல வந்து தண்ணி ஊத்தணும்."

பிஸ்கட்டுக்காக நிற்கிறது என்று மலர் சொல்கிறாள். குகனும் அதைத்தான் சொல்கிறான். எனக்கும் தெரியும் அக்கா, நான் என்ன மடையனா? பக்கத்தில் இருந்து பார்த்தவனே நான்தான். அப்போது சிரித்துக்கொண்டு நின்றேனே, நேர்ந்த கிடா சிலுப்ப வேண்டுமே என்று ஒரு நிமிஷம் தோன்றவில்லையே! மூளைக்குப் பிஸ்கட் என்று தெரிகிறது. மனசு கேட்கவில்லை. சாமி வாங்காவிட்டால் அந்த உயிருக்கு யார் பொறுப்பு? ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

மார்ச் மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனாயா இல்லையா? ஒரே வார்த்தையில் எழுது. இருபத்தைந்தாம் தேதி ஞாயிறு நியாலாஸ் பக்கம் ஏதாவது வேலை இருந்தால் வா. வேலை இல்லாவிட்டாலும் வா.

தம்பி

பத்து பெரண்டாம்,
20 ஆகஸ்ட் 2024

அட பாவி,

மலரை மிரட்டிக் கேட்டேன். சொல்லிவிட்டாள். கல்நெஞ்சுக்காரி நான்தானா?

அந்தப் பதினோரு நாளும் வேலை முடிந்ததும் லோரியை எடுத்துக்கொண்டு மலாக்காவுக்கு வந்தாயாமே. ஆஸ்பத்திரிக்கு வெளியே ரோட்டோரம் நிறுத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பாயாமே. மேலே வந்தால் வாய் சும்மா இருக்காது, பேசிவிடுவேன், சாமி குற்றம் ஆகிவிடும், அது அக்காவைத்தான் பிடிக்கும் என்று பயந்தாயாமே. மலரை மட்டும் அனுப்பி, அவள் இறங்கி வந்ததும் நான் எத்தனை வாய் கஞ்சி குடித்தேன் என்று கேட்பாயாமே. நான் ஒன்றரை வருஷமாக உன்னைத் திட்டாத திட்டு இல்லை தம்பி. மோகனாவிடம், திவ்யாவிடம், பாசாரில் மீன் விற்கிறவளிடம்கூட உன்னைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறேன். இப்போது போய் எல்லாரிடமும் திருப்பிச் சொல்ல வேண்டும்.

நீ கேட்டதற்கு ஒரே வார்த்தை: இல்லை. மார்ச்சில் நான் போகவில்லை. சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. போய்வந்தேன் என்று குகனிடம் பொய் சொன்னேன். மறுபடி கட்டி என்று சொல்லிவிட்டால் படத்தைப் பாதியில் போட்டுவிடுவான் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நிஜம் அதில்லை. பயம். போகாதவரைக்கும் ஒன்றும் இல்லை என்று இருக்கலாமே. நேற்று குகனிடம் உண்மையைச் சொன்னேன். என்னைத் திட்டினான், அப்புறம் என் மடியில் படுத்துக்கொண்டான்.

இருபத்தைந்தாம் தேதி வருகிறேன். தண்ணீர் ஊற்றுகிறேன். பதிலுக்கு ஸ்கேனுக்கு என்கூட நீ வர வேண்டும். செப்டம்பர் மூன்று, செவ்வாய்க்கிழமை, தேதி வாங்கிவிட்டேன். குகன் வந்தால் அவனைத் தேற்றவே எனக்கு நேரம் சரியாகப் போகும். நீ பேசாமல் பக்கத்தில் உட்கார், போதும்.

அக்கா

நியாலாஸ்,
29 ஆகஸ்ட் 2024

அக்கா,

இங்கே சுகத்தில் பாதி, பயத்தில் பாதி. கோயிலில் வாயைக் கட்டிக்கொண்டு நின்றதால் சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன்.

நீ குடத்தைத் தூக்கி ஊற்றினாய். அது வழக்கம்போல வாயைத் திறந்தது. ஊரே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும்போது நீ கைப்பையைத் திறந்து கிரீம் கிராக்கர் எடுத்து ஊட்டினாயே, மாயாண்டி முகம் போன போக்கைக் கவனித்தாயா? அப்புறம் சாமியைப் பார்த்து விரலை நீட்டி, "முனியாண்டி, இது என் உசுருக்குத்தானே நேந்தது? நான் சொல்றேன் கேட்டுக்க. இன்னொரு உசுரு போயி எனக்கு ஒண்ணும் ஆக வேணாம். இத நீயே வச்சுக்க, நீயே மேச்சுக்க" என்று அதட்டினாய். எனக்கு ஒருபக்கம் பயம், ஒருபக்கம் சிரிப்பு. சின்ன வயசில் தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோரை இப்படித்தான் அதட்டுவாய்.

மாயாண்டிக்கும் அது தேவலை என்று தோன்றியிருக்க வேண்டும். காது நுனியைக் கொஞ்சம் கீறி, இனி இது கோயில் கிடா, யாரும் கைவைக்கக்கூடாது என்று அறிவித்துவிட்டார். குகன் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, அடுத்த நிமிஷமே "ஐயோ, ரெண்டாம் பாகத்துல காது ஒத்துவராதே" என்று தலையில் கைவைத்தான். கோயில் கிடா என்று பெயர்தானே தவிர, தூங்க என் வீட்டுக்குத்தான் வருகிறது. நேற்று மாயாண்டியின் துண்டையும் இரண்டு சுருட்டையும் தின்றுவிட்டது.

எனக்குப் பயம் போகவில்லை அக்கா. நேர்ந்ததைக் கொடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை டாக்டர் என்ன சொல்வாரோ என்று கைகால் ஓடவில்லை. உன்னை விட்டால் கூடப்பிறந்தது என்று எனக்கு யார் இருக்கிறார்கள்?

காலை ஆறரைக்கு லோரியோடு வாசலில் நிற்பேன். நீ ஏறுவதற்கு முக்காலி கொண்டுவருகிறேன். குலை நாற்றம் அடிக்காமல் கழுவிவைத்திருக்கிறேன்.

தம்பி

பத்து பெரண்டாம்,
23 செப்டம்பர் 2024

என் தம்பிக்கு,

நான் சுகம். இந்தத் தரம் நிஜமாகவே சுகம். டாக்டர் சொன்னதை நீயும் கூடவே இருந்து கேட்டாய், என்றாலும் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஒன்றுமே இல்லையாம்.

அவர் அதைச் சொன்னதும் நீ நாற்காலியில் சரிந்து கேவிக் கேவி அழுதாயே, பாவம் அந்த டாக்டர் தான் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பயந்து இங்கிலீஷில் ஒரு தரம், மலாயில் ஒரு தரம், நர்சை வைத்துத் தமிழில் ஒரு தரம் சொன்னார். நான் செத்திருந்தால்கூட நீ இவ்வளவு அழுதிருக்கமாட்டாய் என்று லோரியில் சொன்னேன், அதற்கும் அழுதாய்.

ஸ்கேன் அன்று நடந்ததை நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். கவுண்டரில் இருந்த பெண் ஃபாரத்தை வைத்துக்கொண்டு "வாரிஸ் சியாப்பா?" என்று கேட்டாள், இவருக்கு நெருங்கிய சொந்தம் யார் என்று. குகன் பெயரைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீ பின்னாலிருந்து இடித்துக்கொண்டு வந்து, "சாயா! அடிக் டியா!" என்று கத்தினாய். நான்தான், தம்பி என்று. அங்கே இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். லோரியில் ஏறியதும் டீசல் ரசீதின் பின்னால், 'மலாயில் சொன்னேன், நர்சிடம் சொன்னேன், உன்னிடம் இல்லை, கணக்கில் வராது' என்று எழுதிக் காட்டினாய். சரி, வராது.

நேற்று சாயங்காலம் என் போன் அடித்தது. உன் நம்பர். எடுத்து ஹலோ என்றேன். நீ ஒன்றும் பேசவில்லை. கைதவறி அழுத்திவிட்டாய் என்று வைக்கப்போனேன். பின்னால் கறுப்பன் கத்தியது, யாரோ ஸ்ஸ் என்று அதட்டியது கேட்டது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பேசமாட்டேன் என்றுதான் நீ சத்தியம் செய்திருக்கிறாய், கேட்கமாட்டேன் என்று செய்யவில்லை. உட்கார்ந்து நாற்பது நிமிஷம் பேசினேன் தம்பி. திவ்யா முழுகாமல் இருப்பதை, மோகனா வீட்டுச் சண்டையை, ரெண்டாம் பாகத்தில் ஆட்டுக்கு ஏன் காதில் வெட்டு என்று குகன் ஜோடித்த கதையை, அப்பா செத்த அன்று நாம் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டதை, எல்லாம் சொன்னேன். நீ வைக்கவில்லை. நான்தான் வைத்தேன், சோறு தீய்ந்த வாடை வந்தது.

ஞாயிறுதோறும் இதே நேரத்துக்கு அடி. நான் பேசிக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று. நாற்பது நிமிஷமும் உன் மூச்சுதான் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அது சரியாக இல்லை. இழுக்கிறது, நடுவில் விசில் அடிக்கிறது. எத்தனை நாளாக இப்படி? மலரிடம் கேட்டால் மழுப்புகிறாள், அவளுக்கும் நீ சத்தியம் வாங்கியிருப்பாய். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் போகிறோம். காலையில் முதல் பஸ்ஸுக்கு நான் அங்கே வந்துவிடுவேன். நீ வாயைத் திறக்க வேண்டாம். வாரிஸ் யார் என்று கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா